கடலில் இருப்பவன் பங்கு

சுவருக்கு அப்பால் கட்டில் முனகியதும் துஷாந்திக்கு விழிப்பு வந்துவிட்டது. மாமி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இனித் தொண்டையைச் செருமும் ஓசை வரும். பின்னர் செம்புத் தண்ணீர் மிடறு மிடறாக இறங்கும் ஓசை. அதன்பின் நெஞ்சுக்குழியை உள்ளங்கையால் தேய்த்தபடி மாமி அம்மன் பதிகம் ஒன்றை வாய்க்குள் தொடங்குவாள். இரண்டாம் பாட்டை எட்டுமுன் புளித்த நீர் மேலெழுந்து சொல்லை அறுத்துவிடும். மாதக்கணக்காக அந்த வீட்டில் இரவில் தொடங்கிய எந்தப் பதிகமும் முற்றுப்பெற்றதில்லை.

துஷாந்தி எழுந்துபோய் விளக்கைப் போட்டாள். வைத்தியர் சொன்னபடி உயர்த்திய கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டும் சீமெந்துக் கற்களின்மேல் நின்றன. அந்தச் சரிவின் அடிவாரத்தில், இரவில் சறுக்கி இறங்கியவளாய், பத்மாசனி கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள். அறுபதை எட்டாத உடம்பு. முகம் மட்டும் அதைத் தாண்டிப் போயிருந்தது.

"எரியுதோ மாமி?"

"எரியுதோ எண்டு கேள்வி வேறயோ? ஆரோ உள்ளுக்க அடுப்பை மூட்டிப்போட்டு விடாமல் ஊதிக்கொண்டு நிக்கினம்."

"இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லித்தானே டொக்டர் சொன்னவா. நீங்கள் மல்லாந்து கிடந்திருக்கிறியள்."

"நித்திரையில நான் எந்தப் பக்கம் கிடக்கிறன் எண்டு எனக்குத் தெரியுமே? வேணுமெண்டால் கயிறு எடுத்துவந்து கட்டிவிடு. இது கட்டிலில்லைப் பிள்ளை, வள்ளம் தள்ளுற சறுக்கு. விடிய நான் வாசல்ல கிடப்பன்."

துஷாந்தி வெள்ளைப் பாணி மருந்தை மூடியில் வார்த்துக் கொடுத்தாள். மாமி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். யன்னலுக்கு வெளியே சல்லிக் கிராமத்துக் கடல் தன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குசினியில் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. நீல விளிம்பிட்ட பெரிய சாப்பாட்டுக் கோப்பை. அது ரிஷிகேசனுடையது. பத்மாசனிக்கு மகன், துஷாந்திக்குக் கணவன்.

கார்த்திகை மழைக்கு முந்திய கிழமை அவன் துறைமுகத்திலிருந்து ஆழ்கடற் படகொன்றில் மூவரோடு போனான். இரண்டு கிழமையில் திரும்பவேண்டிய படகு. அதற்குள் கடலில் காற்று எழுந்தது. காற்று அடங்கியபின்னும் படகு வரவில்லை. கடற்படைக் கலங்கள் தேடின. பிறகு தேடல் மெல்ல மெல்லப் பேச்சாயிற்று. பேச்சும் நாளடைவில் அடங்கிற்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பத்மாசனி மருமகளாக வந்த நாளில் அவளுடைய மாமியாரிடம் கற்றுக்கொண்டது. வீட்டு ஆண்பிள்ளை கடலில் தங்கும் இரவுகளில் அவனுடைய பங்குச் சோற்றை அவனுடைய கோப்பையில் போட்டு மூடிவைக்கவேண்டும். எந்த நேரத்திலும் அவன் வந்து கதவைத் தட்டலாம். வீடு படுக்கைக்குப் போகுமட்டும் வராவிட்டால் அந்தச் சோற்றைப் பெற்றவள் உண்ணவேண்டும். அது நாய்க்குப் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றிப் பழஞ்சோறாகவும் ஆக்கக்கூடாது. காகத்துக்கு வைப்பதோ, நினைக்கவும் கூடாத காரியம், அது செத்தவர்களுக்குரிய முறை. பெற்ற வயிற்றுக்குள் போகும் சோறு பிள்ளையின் வயிற்றைச் சேர்ந்துவிடும். நீரின்மேல் இருப்பவன் பசியோடு உறங்கமாட்டான்.

முன்பெல்லாம் அது ஒரு பிடிச் சோறுதான். அவன் வழக்கம்போல் போய் வழக்கம்போல் வந்த காலத்தில், மாமி சிரித்துக்கொண்டே அந்த ஒரு பிடியை வாயில் போட்டுவிட்டுப் படுப்பாள். படகு வராமற்போன பிறகு ஒரு பிடி இரண்டாயிற்று. இரண்டு நாலாயிற்று. தைப்பொங்கல் கழிந்தபோது கோப்பை நிறைந்தது. அவனுக்கு விருப்பமான பாரைமீன் பொரியல், செத்தல் மிளகாய் அரைத்த சம்பல், புளி தூக்கலாக விட்ட குழம்பு, எல்லாம் அதில் இருந்தன. தனக்கென்று மாமி அந்தி விளக்குக்குப் பிறகு உண்பது இரண்டு இடியப்பமும் பால்சொதியும். மகன் போனதிலிருந்து அவள் மீன் தொடுவதில்லை என்று நோன்பு வேறு. ஆனால் பத்து மணி செய்தி முடிந்து, ஒழுங்கையில் கடைசி ஓட்டோவின் சத்தமும் தேய்ந்த பிறகு, அவள் குசினி நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மீனும் மிளகாயும் புளியுமாக ஓர் இளைஞனின் பசிக்குரிய சோற்றை, மணி ஒன்றும் மிஞ்சாமல், கண்ணீருமில்லாமல், உண்டு முடிப்பாள். பிறகு போய்ச் சரிந்த கட்டிலில் படுப்பாள்.

துஷாந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். மட்டக்களப்பிலிருந்து வந்த இளம் வைத்தியர், மேசையில் முழங்கையை ஊன்றி, அவசரமில்லாமல் கேட்டாள்.

"இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு அம்மா?"

"பொழுதுபட விளக்குக் கொளுத்தினால் உடன. ரெண்டு இடியப்பம், சொதி. முடிஞ்சுது கதை."

"உறைப்பு?"

"அதை என்ர நாக்கு மறந்துபோச்சு."

"மீன், இறைச்சி?"

"விட்டு எவ்வளவோ நாள்."

"அதுக்குப் பிறகு, படுக்கிறதுக்கு முதல்? ஒரு தேத்தண்ணி, பிஸ்கட், அப்பிடி ஏதாவது?"

"ஒண்டும் தின்னுறேல்லைப் பிள்ளை. நானென்ன சின்னப்பிள்ளையே, படுக்கேக்க பிஸ்கட் கேட்க?"

மாமி பொய் சொல்லவில்லை. துஷாந்திக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பெரிய கோப்பையை மாமி ஒருநாளும் தன் சாப்பாட்டில் சேர்த்து எண்ணியதில்லை. கோயிலில் சுவாமிக்கு வைத்த படையலைத் தன் வீட்டுச் சமையல் என்று குருக்கள் எண்ணாததுபோல.

வைத்தியர் துஷாந்தியின் பக்கம் திரும்பினாள். "மகளோ?"

"மருமகள்."

"அம்மா சொல்லுறது சரிதானே?"

வெளியே வரிசையில் நின்றவர்களின் இருமல் கேட்டது. துஷாந்தி மாமியின் கைகளைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

மருந்துக் குளிசை காலையில் ஒன்றாக இருந்தது இரவிலும் ஒன்றாகக் கூடியது. சாப்பாட்டுக்கு அரைமணித்தியாலம் முந்திக் குடிக்கவேண்டும் என்று வைத்தியர் அழுத்திச் சொன்னாள். மாமி அதைத் தவறாமல் செய்தாள். இடியப்பத்துக்கு அரைமணித்தியாலம் முந்தி.

நகரத்தில் துஷாந்தி வேலைசெய்த மருந்துக்கடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக்கொடுப்பவள் றிஷானா. சிரித்த முகம், எதையும் கேட்டுவிடுகிற வாய். குளிசையின் அளவு கூடியதைப் பார்த்ததும் அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"என்னடி இது, இவ்வளவுக்கும் அடங்கேல்லையா? அப்பிடியெண்டால் ராவைக்குப் பெரிய சாப்பாடு ஒண்டு உள்ளுக்குப் போகுது. எங்கட உம்மாவுக்கு நோன்பு மாசத்தில இப்பிடித்தான். ராக்கடைசியில சஹர் சாப்பாடு சாப்பிட்டுட்டு உடன சாய்வா. பிறகு விடியுமட்டும் எங்கள ஒருத்தரையும் படுக்கவிடமாட்டா."

"மாமி ஆறரைக்கே சாப்பிட்டிருவா."

"அப்ப களவாத் திங்கிறாவோ? குசினியப் பூட்டிப்போட்டுத் திறப்ப உன்ர தலகணிக்குக் கீழ வை."

துஷாந்தி சிரித்தாள். சிரிப்பு இடையிலே நின்றுவிட்டது. றிஷானா அதைக் கவனித்துவிட்டாள்; கையிலிருந்த மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பகிடி இல்லை துஷாந்தி. உந்தப் புளிச்ச தண்ணி மேல வந்து வந்து அந்தக் குழாயையே புண்ணாக்கிப் போடும். பிறகு சோறு இறங்காது. ஏதாவது தெரிஞ்சால் டொக்டரிட்டச் சொல்லு."

"சொல்லுறன்," என்றாள் துஷாந்தி.

சொல்லவில்லை. மாமியின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் சொல்லாதிருப்பதாக அவள் எண்ணிக்கொண்டாள். பேருந்தில் வரும்போது, சாம்பல்தீவுப் பாலத்தின் கீழ் உப்பங்கழி நீர் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தபடி, அவ்வாறே பல நாள் எண்ணிக்கொண்டாள். உண்மை அதுவல்ல என்பது கதிராமன் வந்த அன்றுதான் அவளுக்கு விளங்கிற்று.

கதிராமன் பத்மாசனியின் தமையன்; துஷாந்திக்குப் பெரியப்பா முறை. ஈச்சிலம்பற்றில் வயலோடும் வள்ளத்தோடும் வாழ்பவர். ஆனி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், பையில் முருங்கைக்காயும் வாயில் சொல்லவேண்டிய சொல்லுமாக வந்தார். கதிரையில் இருந்து தேநீரைக் குடித்துமுடிக்குமட்டும் மழையைப் பற்றிக் கதைத்தார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தபின் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கச்சி, ஆடி அமாவாசை வருகுது."

"வருஷா வருஷம் வாறதுதானே."

"மற்ற மூண்டு வீட்டிலயும் காரியம் முடிஞ்சுது. கன்னியாவுக்குப் போய் எள்ளும் தண்ணியும் இறைச்சிட்டு வந்திட்டினம். எங்கட பிள்ளைக்கு மட்டும் ஒண்டும் செய்யாமல்..."

"எங்கட பிள்ளைக்கு ஏன்?"

"அந்த ஐஸ்பெட்டி மூடி இலங்கைத்துறைக் கரையில கிடந்தது. படகின்ர பேர் எழுதின மூடி. என்ர கையால தூக்கிப் பார்த்தனான்."

"மூடிதானே அண்ணை வந்தது. பிள்ளை வரேல்லையே. எஞ்சின் பழுதாகி நிக்கோபார்த் தீவு மட்டும் இழுபட்டுப் போன பொடியள், மாசக்கணக்கில கழிச்சுத் திரும்பி வரேல்லையோ? அவங்கள் வரேக்க வீட்டில முப்பத்தோராம் நாள் முடிஞ்சு படத்துக்கு மாலை போட்டிருந்தது. உயிரோட வந்தவன் தன்ர படத்தைத் தானே கழட்டினவன்."

"அவங்கட வள்ளம் முழுசாக் கிடந்தது, பத்மா."

"நீங்கள் முருங்கைக்காய் கொண்டுவந்தியள். நல்லது. தேத்தண்ணியும் குடிச்சிட்டியள். இனிக் கடைசி பஸ் போயிடும்."

"உனக்குச் சொல்லுறதும் ஒண்டு, கடலைப் பார்த்துக் கத்துறதும் ஒண்டு. உன்னை விடு, இந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார். இது எவ்வளவு காலம் இப்பிடி இருக்கிறது? ஓம் எண்டும் இல்லாமல் இல்லை எண்டும் இல்லாமல்?"

பத்மாசனி எழுந்து நின்றாள். எழுந்த விரைவில் நெஞ்செரிவு மேலேறியிருக்கவேண்டும். ஒரு கையால் மார்பை அழுத்திக்கொண்டாள். குரல் மட்டும் தளரவில்லை.

"என்ர பிள்ளை ராத்திரியும் வயிறு நிறையச் சாப்பிட்டவன். ராத்திரிச் சாப்பிட்டவனுக்கு ஆர் எள்ளுத்தண்ணி இறைக்கிறது? சொல்லுங்கோ பாப்பம்."

குசினி வாசலில் நின்ற துஷாந்தியின் கை தானாகவே தாலிக்கொடியைத் தேடிப் பிடித்தது. உடம்பு முழுவதும் குளிர்ந்த நீர் வார்த்ததுபோல் ஓர் ஆறுதல் இறங்கிற்று. அந்த ஆறுதல்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. மாமி அந்தக் கோப்பையை நிறைத்து மூடும் வரையில் அவன் கடலில் இருக்கிறான், அவள் சுமங்கலி. கோப்பை நின்றால் அவன் இல்லை; இவள் விதவை. எந்த அரசாங்கக் கச்சேரியும் கடற்படையும் தீர்த்துவைக்காத வழக்கை அந்த நீல விளிம்புக் கோப்பை இரவுதோறும் தீர்த்து வைத்துக்கொண்டிருந்தது. அதற்கான நெருப்போ சுவருக்கு அப்பால் இன்னொருத்தியின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா படலையைச் சாத்திக்கொண்டு போனார். அன்றிரவு மாமி கோப்பையில் வழமையிலும் அதிகமாகச் சோறு போட்டாள். துஷாந்தி மீன்சட்டியை அருகில் நகர்த்திவைத்தாள்.

ஆடி பிறந்து சில நாளில் அது நடந்தது. மாமி குசினியில் உண்டுகொண்டிருந்தாள். துஷாந்தி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சில்லாத வீட்டில் ஓசைகளே கதை. சோற்றைப் பிசையும் ஓசை நின்றது. பிறகு உலோகச் செம்பு உருண்டது.

ஓடிப்போனபோது பத்மாசனி இரு கைகளாலும் நெஞ்சைப் பற்றிக்கொண்டு, கண்கள் பிதுங்க, வாய் திறந்தபடி இருந்தாள். சத்தம் வரவில்லை. துஷாந்தி அவளை முன்னே குனியவைத்து முதுகில் அறைந்தாள். இன்னும் அறைந்தாள். "துப்புங்கோ மாமி! துப்புங்கோ!" என்று கத்தினாள். ஈற்றில் சோற்றுக் கவளம் வெளியே வந்து விழுந்தது. அதனோடு செங்கோடுகளாய் இரத்தமும் வந்தது. மூச்சு திரும்பிய மாமி முதலில் செய்தது, கீழே சிந்திய சோற்றைக் கையால் ஒதுக்கிச் சேர்த்ததுதான்.

"விடுங்கோ மாமி."

"அவன்ர... இன்னும் முடியேல்லை..."

"விடுங்கோ!"

அயல்வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்த இளம் வைத்தியரே வந்து கட்டிலருகில் நின்றாள். முன்பிருந்த பொறுமை இப்போது அவள் முகத்தில் இல்லை.

"உணவுக்குழாயின்ர அடி முழுக்கப் புண். ஆறி, திரும்பப் புண்ணாகி, வழி ஒடுங்கிப்போய்க் கிடக்கு. நான் தந்த குளிசைக்கு இது ஆறியிருக்கவேணும். ஏன் ஆறேல்லை?" அவள் மாமியைப் பார்க்கவில்லை, துஷாந்தியைப் பார்த்தாள். "நீங்கள் மருந்துக்கடையில வேலைசெய்யிறனீங்கள் எண்டு எழுதிக் கிடக்கு."

துஷாந்தி சொன்னாள். கோப்பையைப் பற்றிச் சொன்னாள். அது யாருடையது என்று சொன்னாள். எத்தனை மணிக்கு, என்ன கறியோடு என்று சொன்னாள். சொல்லும்போது மாமியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அந்தப் பார்வை தன் கன்னத்தில் படுவதை உணர்ந்தாள்.

வைத்தியர் பிறகு கதிரையை இழுத்து மாமிக்கு அருகில் உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது.

"அம்மா, அதை நேரத்தோட சாப்பிடலாமே? ஆறு மணிக்கு?"

"ஆறு மணிக்குச் சாப்பிட்டால், அவன் எட்டு மணிக்கு வந்து நிண்டால்?"

"அப்ப ஒரு பிடி. முந்தி மாதிரி ஒரு பிடி போதாதோ?"

"பக்கத்துக் கடலில நிண்ட பிள்ளைக்கு ஒரு பிடி போதும்," என்றாள் மாமி. தொண்டை கிழிந்து சொல் காற்றாக வந்தது. "இப்ப எவ்வளவு தூரம் போயிட்டானோ."

வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டாள். "இனிச் சோறு இறங்காது அம்மா. புண் ஆறுமட்டும் கஞ்சி மட்டும்தான். பிறகு அந்த ஒடுக்கத்தை விரிக்கவேணும். இன்னொருக்கா அடைச்சால் மூச்சும் சேர்ந்து நிண்டுபோகும்."

அவள் போனபின் பத்மாசனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இடப்பக்கமாக. எத்தனையோ மாதம் சொல்லியும் படுக்காத பக்கம்.

"காட்டிக்குடுத்திட்டாய், என்ன?" என்றாள் சுவரைப் பார்த்து.

துஷாந்தி போர்வையை அவளுடைய தோள்வரை இழுத்துவிட்டாள்.

மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பின்னேரம் அம்மன்கோயில் மணி கேட்டது. மாமி கைகூப்பிவிட்டு, கட்டிலில் இருந்தபடியே துஷாந்தியைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் வாய்திறக்காதவள், இப்போது மெல்லச் சிரித்தாள். சினம் இறங்கியிருந்தது, எதையோ கண்டுபிடித்துவிட்டவளின் தெளிவு முகத்தில் இருந்தது.

"இங்க வா பிள்ளை. இரு. உன்னில எனக்குக் கோவமில்லை. கிடந்து யோசிச்சனான். என்ர மாமி சொன்னவா, பெத்தவளுக்கு ஏலாட்டில் கட்டினவள் சாப்பிடலாமெண்டு. நான்தான் மறந்துபோனன். அவனுக்கு நீயும் ஒரு வயிறுதானே."

"மாமி..."

"நீ இளம்பிள்ளை. உனக்கு எரியாது. இண்டையில இருந்து நீ சாப்பிடு. மீன் வாங்கினதோ?"

"வாங்கினது."

"பாரையோ?"

"ஓம், பாரை."

மாமி கஞ்சியைக் குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள். துஷாந்தி சமைத்தாள். தனக்கும் அவனுக்குமாக உலையில் அரிசி போட்டாள். பொரியலின் மணம் வீட்டை நிறைத்தபோது அவளுக்கு உள்ளபடியே ஒரு நிம்மதி உண்டாயிற்று. மாமியின் புண் ஆறும், கோப்பையும் நிற்காது. இத்தனை நாளும் இது தோன்றாமற் போயிற்றே என்று நினைத்தாள். தாலிக்காகத் தான் இன்னொருத்தியை எரியவிட்டதற்கு இனித் தானே எரிந்து ஈடுசெய்யலாம். அது முறைதான்.

மாமி கேட்டுக்கொண்டபடி பத்து மணி செய்தி முடியுமட்டும் காத்திருந்தாள். ஒழுங்கையில் சத்தம் அடங்கியது. குசினி நிலத்தில், மாமி உட்காரும் இடத்தில், மாமியைப்போலவே சப்பணமிட்டு உட்கார்ந்து மூடியை எடுத்தாள்.

சோற்றில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. குழம்பை விட்டுப் பிசைந்தாள். மீனை முள்ளெடுத்துச் சேர்த்தாள். முதற்கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனபோது, மாமியைப்போல அவனை நினைத்துக்கொள்ள முயன்றாள். படகின் அணியத்தில் அவன் குந்தியிருப்பதாக. ஏதோ ஒரு தீவின் மணலில் நடப்பதாக. பசித்த கண்களோடு மேற்கைப் பார்த்திருப்பதாக. வேண்டி வேண்டி அழைத்தும் அவன் அந்த இடங்கள் எதிலும் வந்து நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நீர்தான். பச்சை நீர், அதன்கீழ்க் கறுத்த நீர், அதன்கீழ் ஒளியே போகாத நீர். அங்கே அவனுக்கு வாய் இல்லை. வயிறு இல்லை.

கவளம் நாவில் கிடந்தது. அவள் மென்றாள். விழுங்க முயன்றாள். தொண்டையில் புண் இல்லை, ஒடுக்கம் இல்லை. ஆனாலும் இறங்க மறுத்தது. அப்போதுதான் அறிந்தாள், தான் ஒருநாளும் நம்பியதில்லை என்று. ஐஸ்பெட்டி மூடி கரைசேர்ந்தது என்று கேட்ட நாளிலேயே அவளுக்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன்பின் அவள் வாழ்ந்தது மாமியின் நம்பிக்கையில். ஏழை ஒருத்தி அயல்வீட்டு விளக்கின் வெளிச்சத்தில் வேலை முடித்துக்கொள்வதுபோல.

வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள்.

"பிள்ளை," என்று மாமி உள்ளிருந்து கூப்பிட்டாள். "சாப்பிட்டியோ?"

துஷாந்தி கோப்பையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டன் மாமி."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"நல்லது. நல்ல பிள்ளை." கட்டில் ஒருமுறை முனகிற்று. மாமி அம்மன் பதிகத்தைத் தொடங்கினாள். கிழிந்த குரல், ஆயினும் இரண்டாம் பாட்டு வந்தது, மூன்றாம் பாட்டும் வந்தது. இடையில் எதுவும் மேலெழுந்து அறுக்கவில்லை. கடைசிப் பாட்டில் பயன் சொல்லும் அடிகள்வரை போய்ப் பதிகம் நிறைந்தது. சற்று நேரத்தில் சீரான குறட்டை கேட்டது.

துஷாந்தி அசையாமல் இருந்தாள். கோப்பையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வது? நாய்க்கு வைக்கக் கை எழவில்லை. குப்பையில் கொட்ட மனம் துணியவில்லை. அதிகநேரம் யோசித்ததாகவும் அவளுக்குத் தோன்றவில்லை; எழுந்தாள், மண்சட்டி ஒன்றை எடுத்தாள், சோற்றை அதில் கொட்டினாள். குடத்திலிருந்து தண்ணீரை மொண்டு அதன்மேல் ஊற்றினாள். குழம்பு கலைந்து நீர் சிவந்தது. மீன்துண்டுகள் மிதந்தன. வராதவனின் பங்கு, யாருக்கும் உரியதல்லாத பழஞ்சோறாயிற்று. நடுக்கமில்லாமல் அதைச் செய்த தன் கையை அவள் வியப்போடு பார்த்தாள். பிறகு சட்டியை மூடி, விறகுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் வைத்தாள். கன்னியாவில் யாரும் எள் இறைக்கவில்லை, குருக்கள் வரவில்லை, ஒருவரும் அழவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

விடிந்தபோது பத்மாசனி எழுந்து தானாகவே வாசலுக்கு வந்தாள். மாதக்கணக்கில் காணாத உறக்கத்தின் சாயல் கண்களில் இருந்தது. துஷாந்தி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி எரியேல்லைப் பிள்ளை," என்றாள் மாமி. "ஒரு சொட்டுக்கூட எரியேல்லை. விடியுமட்டும் செத்தவள் மாதிரிக் கிடந்திருக்கிறன். டொக்டர் கெட்டிக்காரிதான்."

"ஓம் மாமி."

"உனக்கு? உனக்கு நெஞ்சு எரிஞ்சதோ? புளி கூட விட்டனியோ?"

துஷாந்தி அகப்பையால் கஞ்சியைத் துழாவினாள். நெஞ்சுக்குழியில் கையை வைத்துப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

"எரியேல்லை மாமி."

"நான் சொன்னனான்தானே, இளவயசுக்கு எல்லாம் செமிக்குமெண்டு." மாமி நிலையைப் பிடித்துக்கொண்டு கடலின் பக்கம் பார்த்தாள். "அப்ப இண்டைக்கு ஒரு பிடி கூடப் போடு. நான் ஆஸ்பத்திரியில கிடந்த நாளெல்லாம் அவன் பட்டினியல்லோ."

"சரி மாமி," என்றாள் துஷாந்தி.